கணினிக் குரலில் வீடியோ: வாசகர் கேள்வி பதில்

எழுதியதைக் கணினியே வாசிக்கச் செய்து, அதை யூடியூப் வீடியோவுக்குப் பின்னணிக் குரலாக வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

சமையல் சேனல் தொடங்கப் போகிறேன். வீட்டில் எந்நேரமும் சத்தம், என் குரலில் பதிவு செய்ய வழியில்லை. தமிழை ஒழுங்காக வாசிக்கும் கணினிக் குரல்கள் எவை? எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, மதுரை

தமிழுக்கு இன்று குரல் பஞ்சம் இல்லை. மைக்ரோசாஃப்டிடம் மட்டும் எட்டுக் குரல்கள் இருக்கின்றன: இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைக்குச் சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்குக் கனி, சூர்யா. காசு கட்டாமல் கேட்டுப் பார்க்க எட்ஜ் பிரவுசர் போதும். ஏதாவது ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வாசிக்கத் தொடங்கும். மேலே வரும் பட்டையில் குரலையும் வேகத்தையும் மாற்றலாம். ஆனால் எட்ஜ் கேட்டுப் பார்க்க மட்டும்தான். வீடியோவில் போடுவதற்கான ஒலிக்கோப்பை அதே நிறுவனத்தின் அஸூர் சேவையில் கணக்குத் தொடங்கி எடுங்கள்.

கூகுள் கிளவுடிலும் தமிழ்க் குரல்கள் உண்டு. இலெவன்லேப்ஸ் என்ற இணையக் குரல் சேவையின் பன்மொழிக் குரல்களும் தமிழ் பேசும். சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ ஃபார் பாரத் குழுவின் பங்களிப்பில் வந்த இண்டிக் பார்லர் என்ற குரல் மாடலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் பைத்தான் என்ற நிரல்மொழியில் கொஞ்சம் பழக்கமும் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது நிறுவனம் வைத்திருக்கும் மாதிரி வாக்கியத்தைக் கேட்டு மயங்காதீர்கள். உங்கள் சமையல் குறிப்பிலிருந்தே நான்கு வரி எடுங்கள். ஒன்றில் அளவு இருக்கட்டும் ("முக்கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள்"). ஒன்றில் ழ, ள, ல மூன்றும் வரட்டும் ("வாழைப்பழத்தைத் தோலுரித்து, வெள்ளைத் துணியில் உலர வையுங்கள்"). ஒன்றில் ஆங்கிலச் சொல் இருக்கட்டும் ("கேஸ் அடுப்பு", "ஃப்ரிட்ஜ்"). கடைசி வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும். இந்த நான்கையும் எல்லாக் குரலிலும் கேட்டால் பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். பன்மொழிக் குரல்கள் சில ழகரத்தை ளகரமாக்கிவிடும். எண்ணைத் திடீரென்று ஆங்கிலத்தில் சொல்லும். இது முதல் கேட்பிலேயே பிடிபடும்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். பல்லவி, வள்ளுவர் போன்ற குரல்கள் ஒரே வரியை எத்தனை முறை கொடுத்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வாசிக்கும். இலெவன்லேப்ஸ், பார்லர் போன்றவை ஒவ்வொரு முறையும் சற்று வேறாக வாசிக்கும். கேட்க உயிரோட்டம் அதிகம்தான். ஆனால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு அளவைத் திருத்தி அந்த வரியை மட்டும் மாற்றினால் ஒட்டுப்போட்டது தெரியும். சமையலில் திருத்தம் அடிக்கடி வரும். ஆகவே உங்களுக்குப் பல்லவி போன்ற நிலையான குரலையே சொல்லுவோம்.

இலவசமாக எடுத்த குரலை வருமானம் வரும் வீடியோவில் போடலாமா? இலவச அளவு எவ்வளவு நாளுக்குக் காணும்?
– வாசகர், வேலூர்

இலவசம் என்பதும் வணிக உரிமை என்பதும் வேறு வேறு. இலெவன்லேப்ஸின் இலவசத் திட்டத்தில் வணிகப் பயன்பாட்டு உரிமை கிடையாது. சந்தா கட்டினால்தான் வரும். மெட்டா நிறுவனம் 2023ல் வெளியிட்ட எம்.எம்.எஸ். குரல் மாடல்களில் தமிழும் இருக்கிறது, கணினியில் இறக்கி ஓட்டலாம். ஆனால் அதன் உரிமம் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே. விளம்பர வருமானம் வரும் வீடியோவுக்கு அதைத் தொடக் கூடாது.

அஸூரின் இலவச அடுக்கில் மாதம் 5 லட்சம் எழுத்துக்குறி வரை நியூரல் குரலில் (செயற்கை நுண்ணறிவு வழியாக உருவாகும் குரல்) எடுக்கலாம். இதில் தமிழருக்கு ஒரு கணக்கு உண்டு. "கத்தரிக்காய்" என்பது நமக்கு ஏழு எழுத்து. கணினிக்கோ புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனி. ஆகவே அது 12 என்று எண்ணும். பத்து நிமிட விவரிப்புக்குச் சுமார் 1,000 சொல் ஆகும். அது இந்தக் கணக்கில் 9,000 அளவில் வரும். மாதத்துக்கு 50 வீடியோ போடுகிறவருக்குக்கூட 5 லட்சம் காணும். தவறான எடுப்பு, மறு எடுப்பு எல்லாமே கணக்கில் சேரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கூகுள் கிளவுடில் ஒரு முறைக்கு 5,000 பைட் என்று வரம்பு. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். ஆங்கிலத்தில் 5,000 எழுத்து கொடுக்கிற இடத்தில் தமிழில் 1,600 அளவுதான் போகும். "ஆங்கிலக் கட்டுரை போகிறது, தமிழ்க் கட்டுரை பிழை காட்டுகிறது" என்று பலர் எழுதியிருந்ததற்குக் காரணம் இதுதான். பத்தி பத்தியாக வெட்டிக் கொடுங்கள்.

வங்கி, சேமிப்பு பற்றிய சேனல் நடத்துகிறேன். எண்கள் வந்தாலே குரல் தடுமாறுகிறது. "ரூ.1,25,500/-" என்பதை ஏதேதோ சொல்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

கண்ணுக்கு எழுதியதை அப்படியே காதுக்குக் கொடுப்பதால் வரும் தொல்லை இது. நல்ல குரல் கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு குரல் அல்ல, வேறு பிரதி. ஒவ்வொரு வீடியோவுக்கும் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பார்வைப் பிரதி: திரையில் வரும் எழுத்துக்கும் சப்டைட்டிலுக்கும். மற்றொன்று வாசிப்புப் பிரதி: குரலுக்கு மட்டும், யார் கண்ணிலும் படாதது. அதில் எழுத்தழகு பார்க்க வேண்டாம்.

வாசிப்புப் பிரதியில் மேற்படி தொகை "ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்" என்று இருக்க வேண்டும். "ரூ." என்பதில் உள்ள புள்ளியை வாக்கிய முடிவு என்று நினைத்துக் குரல் நின்றுவிடும். "/-" என்பதைச் சில குரல் விழுங்கும், சில குரல் சாய்கோடு என்று வாசிக்கும். "7.25%" என்பதை "ஏழே கால் சதவீதம்" என்று எழுதுங்கள், கேட்கவும் அதுதான் தமிழ். 2.5 லட்சம் என்றால் இரண்டரை லட்சம். 1/2, 1/4, 3/4 என்றால் அரை, கால், முக்கால். சாய்கோடு போட்ட பின்னத்தைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும் குரல்களும் உண்டு.

சிறு கோடு இன்னொரு தொல்லை. "10-15 நாள்" என்பதில் கோட்டை விழுங்கி "பத்து பதினைந்து" என்றால் பிழைத்தோம். கழித்தல் என்று வாசித்தால் பொருளே கெடும். "பத்து முதல் பதினைந்து நாள் வரை" என்று எழுதுங்கள். "2019-20 நிதியாண்டு" என்பதையும் விரித்தே எழுத வேண்டும். "2019-ல்" என்று கோடு போட்டு வேற்றுமை உருபைத் தனியாக விட்டால் "ல்" என்ற எழுத்து அனாதையாக ஒலிக்கும். "இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டில்" என்று எழுதினால் எந்தக் குரலும் சறுக்காது.

நேரத்தில் புள்ளி வேண்டாம்: 6.30 மணி என்பதை ஆறரை மணி என்றும், 6.45 என்பதை ஆறே முக்கால் என்றும் எழுதுங்கள். கி.மீ., மி.லி., எம்.எல்.ஏ. போன்ற சுருக்கங்களில் புள்ளிகளை எடுத்துவிட்டு "கிலோமீட்டர்", "மில்லி", "எம் எல் ஏ" என்று எழுதுங்கள். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணைக் கோடிக்கணக்கில் வாசித்துவிடும். அதை வாசிக்க விடாமல் திரையில் காட்டுவதுதான் பார்ப்பவருக்கும் உதவி. வாசித்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு இலக்கத்தையும் சொல்லாக எழுதி நடுவில் காற்புள்ளி வையுங்கள்.

"கேஸ்", "பில்", "பால்" போன்ற சொற்களைத் தப்பாக வாசிக்கிறது. ஒரே சொல் ஓரிடத்தில் சரி, ஓரிடத்தில் தப்பு. ஏன்?
– வாசகி, திருச்சி

நம் எழுத்து முறையில்தான் விடை இருக்கிறது. தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் எழுத்து ஒன்றுதான், ஒலி இடத்தைப் பொறுத்தது. சொல்லின் முதலில் வந்தால் வல்லொலி, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் மெலிந்த ஒலி. "படம்" என்பதில் உள்ள பகரத்தையும் "கம்பம்" என்பதில் உள்ள பகரத்தையும் சொல்லிப் பாருங்கள். நம் சொந்தச் சொற்களுக்கு இந்த விதி பெரும்பாலும் தவறுவதில்லை. குரலும் அவற்றைச் சரியாகவே வாசிக்கும்.

வெளியிலிருந்து வந்த சொற்கள் இந்த விதிக்குள் அடங்குவதில்லை. "கேஸ் அடுப்பு" என்பதிலும் "கோர்ட் கேஸ்" என்பதிலும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. "பால்" குடிக்கிற பாலா, கிரிக்கெட் பாலா? "கோல்" கையில் பிடிக்கிற கோலா, கால்பந்தில் அடிக்கிற கோலா? வடசொற்களிலும் இதே சிக்கல். பாட்டி சொல்லும் கதையும் பீமன் தூக்கும் கதையும் எழுத்தில் ஒன்றே. இரக்கப்பட்டுச் சொல்லும் "பாவம்" வேறு, பரதநாட்டியத்தில் முகத்தில் காட்டும் "பாவம்" வேறு. நாம் சூழலைப் பார்த்து மாற்றிக்கொள்கிறோம். நியூரல் குரலும் பழகிய சொற்களை ஓரளவு சூழல் பார்த்தே வாசிக்கிறது. அதனால்தான் "கேஸ் அடுப்பு" என்று சேர்ந்து வந்தால் சரியாகவும், "கேஸை அணையுங்கள்" என்று தனியாக வந்தால் தப்பாகவும் வருகிறது.

வழிகளை நாங்கள் முயலச் சொல்லும் வரிசையில் தருகிறோம். முதலில் சொல்லையே மாற்ற முடியுமா என்று பாருங்கள். "கேஸை அணையுங்கள்" என்பதற்கு "அடுப்பை அணையுங்கள்" போதும். பில் என்பதற்கு ரசீது, பீமனுக்குக் கதாயுதம். மாற்றினால் இயல்பு கெடும் என்றால், வாசிப்புப் பிரதியில் அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். மைக்ரோசாஃப்ட், கூகுள் குரல்கள் தமிழ் வாக்கியத்தின் நடுவே வரும் ஆங்கிலச் சொல்லை நம்மூர் உச்சரிப்பிலேயே வாசிக்கும். உருபு சேர வேண்டிய இடத்தில் இது உதவாது. ஆங்கில எழுத்துக்குப் பின்னால் தமிழ் உருபை ஒட்டினால் நடுவில் ஒரு வெட்டு விழும். அங்கே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு அந்தச் சொல் உருபில்லாமல் வரும்படி செய்யுங்கள்.

ஃபோன், ஃபேன், ஃபைல் போன்றவற்றுக்கு ஆய்தம் போட்டே எழுதுங்கள். "போன்" என்று எழுதினால் "போன வாரம்" என்பதன் ஒலி வந்துவிடும். இன்னொன்று: வல்லெழுத்து மிகும் இடத்தில் ஒற்றை விடாதீர்கள். "அந்தப் பாத்திரத்தைக் கழுவி" என்று எழுதினால் சொற்கள் இழைந்து வரும். "அந்த பாத்திரத்தை கழுவி" என்று எழுதினால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே நிற்கும். இணையத்தில் ஒற்றைக் கைவிட்டுவிட்ட காலம் இது. குரலுக்கு எழுதுகிறவர்கள் அப்படி விட முடியாது.

நான் எழுதுவது இலங்கை எழுத்து முறை. "ரீச்சர்", "பற்றரி", "ரயர்" எல்லாம் விநோதமாக ஒலிக்கின்றன.
– வாசகர், யாழ்ப்பாணம்

ஆங்கில டகர ஒலிக்கு நீங்கள் சொல்லின் முதலில் ரகரமும் நடுவில் றகர இரட்டையும் எழுதுகிறீர்கள். தமிழ்நாட்டு வழக்கில் அந்த இடத்தில் டகரம். இந்தியக் குரலிடம் "ரீச்சர்" கொடுத்தால் ரகரமாகவே வாசிக்கும். "பற்றரி" என்பதை "வெற்றி"யில் வருவது போல இழுக்கும். முதலில் சரண்யா, குமார் இருவரிடமும் உங்கள் பட்டியலைக் கொடுத்துக் கேளுங்கள். அங்கும் சரியாக வராத சொற்களை வாசிப்புப் பிரதியில் மட்டும் டீச்சர், பேட்டரி, டயர் என்று மாற்றுங்கள். திரையில் உங்கள் எழுத்து முறையே இருக்கட்டும்; அதை மாற்றத் தேவையில்லை.

கோயில் வரலாறு பற்றி முன்பு தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகளைக் கொடுத்தால் குரல் உளறுகிறது. பி.டி.எஃப்.பிலிருந்து எடுத்தாலும் அப்படியே.
– வாசகர், கும்பகோணம்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். தமிழ் உருவம் திரையில் மட்டும் தெரியும். குரலுக்குப் போவது அந்த ஆங்கிலக் குவியல். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக மாற்றினால் இது தீரும்.

மாற்றிய பிறகும் சில பிழைகள் ஒளிந்திருக்கும், அவை கண்ணுக்குத் தெரியா. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருக்கும்: "காலம்" என்பது "கரலம்" என்று உள்ளே இருக்கும், சில எழுத்துருவில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஔகாரத்தின் பின்பகுதிக்கு ளகரம் போட்டிருந்தால் "கௌரி" என்பது "கெளரி" ஆகிக் குரலும் அப்படியே வாசிக்கும். ஒகர ஓகாரங்களில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக இருக்கலாம், ஒரே குறியாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், சில மென்பொருள் தனித்தனியானதைத் தடுமாறி வாசிக்கும். அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தால் சரியாகும்.

பி.டி.எஃப்.பில் கூடுதலாக இரண்டு தொல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் பிரிந்து நிற்கும். வரி முடிவில் சொல் உடையும்: "அவர்" ஒரு வரியிலும் "கள்" அடுத்த வரியிலும் விழுந்தால், பக்தர்களைப் பற்றிய வாக்கியத்தில் கள் தனியே ஒலிக்கும். கோயில் வரலாற்றில் அப்படி ஒரு ஒலி வருவது கேட்பவர் மனத்தைப் புண்படுத்தும். நீளமான கட்டுரை என்றால், குரலை ஓடவிட்டுக் கையில் பிரதியை வைத்து ஒரு முறை முழுக்க ஒப்பிட்டுப் பாருங்கள். கண் தாண்டிப் போகும் பிழையைக் காது பிடிக்கும்.

பேச்சுத் தமிழில் எழுதினால் செயற்கையாக ஒலிக்கிறது, எழுத்துத் தமிழில் எழுதினால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது. நடுவில் வழி உண்டா?
– வாசகி, சேலம்

உண்டு, ஆனால் சொல்லில் அல்ல, வாக்கிய அமைப்பில். இந்தக் குரல்கள் பெரும்பாலும் எழுத்துத் தமிழ் வாசிப்பைக் கொண்டு பழக்கப்பட்டவை. "வந்தாங்க", "செஞ்சுட்டு" போன்ற பரவலான வடிவங்களை ஓரளவு சமாளிக்கும். "இருக்குல்ல", "வெச்சுக்கோங்கப்பா" என்று போனால் நீட்டல், குறுக்கல், மூக்கொலி எல்லாமே பிசகும். முழுப் பேச்சு வழக்கில் எழுதுவதை இப்போதைக்குத் தவிர்ப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. வட்டார வழக்கு உங்கள் சேனலின் உயிர் என்றால் அதற்குக் கணினிக் குரல் வேண்டாம்; சொந்தக் குரலே வேண்டும்.

எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டே செய்தி வாடையை எடுக்கலாம். வாக்கியத்தை எட்டு, பத்துச் சொல்லுக்குள் முடியுங்கள். நம் வினை கடைசியில் வருவதால் நீண்ட வாக்கியத்தில் குரல் நடுவிலேயே சுருதி இறங்கி, முடிவில் தட்டையாகிவிடும். "நறுக்கி, வதக்கி, ஆறவைத்து, அரைத்து" என்று நான்கு எச்சம் அடுக்காமல் இரண்டோடு நிறுத்துங்கள். "செய்யப்பட வேண்டும்", "எனப்படுகிறது", "மேற்கொள்ளப்படுகிறது" எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். "செய்யுங்கள்", "என்பார்கள்" போதும். "எனவே", "மேலும்" என்று தொடங்கும் இடங்களில் "அதனால்", "அப்புறம்" என்று மாற்றினாலே பாதி வாடை போய்விடும்.

துணைவினையைச் சேர்த்து எழுதுங்கள். "செய்து விட்டு" என்று இடம்விட்டால் இரண்டு அழுத்தம் விழும். "செய்துவிட்டு" என்றால் ஒன்று.

நிறுத்தத்துக்குக் காற்புள்ளி சிறியது, முற்றுப்புள்ளி நடுத்தரம், பத்தி பிரிப்பது பெரியது. அதற்கு மேல் வேண்டுமானால் அஸூர், கூகுள் இரண்டிலும் பிரேக் என்ற குறியை இட்டு மில்லிசெகண்டில் அளவு கொடுக்கலாம். வாக்கியத்துக்குள் 200 முதல் 300, ஒரு படி முடிந்து அடுத்த படி தொடங்கும் இடத்தில் 700 என்று தொடங்கிப் பாருங்கள். வேகம் இயல்பைவிட 5 சதவீதம் குறைத்தால் செய்முறை விளக்கத்துக்குப் பொருந்தும். "போடலாமா?" என்று ஆகாரத்தில் முடியும் கேள்விகளில் குரல் ஏறாமல் போவதுண்டு. "இதைப் போடலாமா, கூடாதா?" என்று இரட்டைக் கேள்வியாக்கினால் ஏற்ற இறக்கம் தானே வரும்.

குரல் தகரத்தில் தட்டுவது போல ஒலிக்கிறது. இசை சேர்த்தால் குரலே கேட்பதில்லை.
– வாசகர், தூத்துக்குடி

தகர ஒலிக்குப் பெரும்பாலும் காரணம் திரும்பத் திரும்பச் சுருக்குவது. குரலை 48 கேபிபிஎஸ் போன்ற சிறிய எம்பி3 ஆக இறக்கி, எடிட்டிங்கில் மறுபடி சுருக்கி, யூடியூப் மூன்றாவது முறை சுருக்குகிறது. முதல் கோப்பைச் சுருக்காத வேவ் வடிவில் எடுங்கள். வேகத்தை எடிட்டிங் மென்பொருளில் கூட்டினாலும் இந்த ஒலி வரும். குரலை உருவாக்கும்போதே வேகத்தை அமைத்துவிடுங்கள். 24 கிலோஹெர்ட்ஸில் எடுத்த குரலில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. ஆகவே "தெளிவு" வேண்டி ட்ரெபிளை, அதாவது உயர் ஒலிகளை, கூட்டுவதால் பயனில்லை. அஸூரில் 48 கிலோஹெர்ட்ஸ் தேர்வு உண்டு. அதுதான் வீடியோவின் ஒலி அளவோடும் பொருந்தும்.

ஒலியளவுக்கு ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருள் போதும். காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு லஃப்ஸ். யூடியூப் மைனஸ் 14 லஃப்ஸ் அளவுக்கு மேல் சத்தமாக இருப்பதைக் குறைக்கும்; மெதுவாக இருப்பதைக் கூட்டித் தராது. குரலை மட்டும் மைனஸ் 16க்குக் கொண்டுவாருங்கள். இசையைக் குரலைவிட 18 முதல் 20 டெசிபெல் கீழே வையுங்கள். கலந்த பிறகு முழு ஒலியையும் சற்றுக் கூட்டுங்கள்; மொத்தம் மைனஸ் 14ஐ ஒட்டியும், உச்சி மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமலும் இருக்கட்டும். குரல் கோப்பு மோனோ. சில எடிட்டிங் மென்பொருளில் அது இடது காதில் மட்டும் விழும். ஹெட்ஃபோன் போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இசைத் தேர்வும் முக்கியம். நாதஸ்வரம், வயலின், புல்லாங்குழல் மெட்டு எல்லாம் குரலின் இடத்திலேயே வந்து போட்டியிடும். தம்புரா, மெல்லிய தாளம் போன்றவை வழிவிடும். குரல் துண்டுகளுக்கு நடுவே முழு நிசப்தம் வந்தால் ஒலி அறுந்தது போலிருக்கும். ஓர் அமைதியான அறையில் அரை நிமிடம் பதிவு செய்த வெறும் அறை ஒலியை மிக மெல்லிதாக முழுநீளத்துக்கும் அடியில் விரித்துவிடுங்கள்.

கணினிக் குரல் வைத்தால் யூடியூப் வருமானம் தராது என்கிறார்களே?
– வாசகர்கள், சென்னை, ஈரோடு, பெங்களூரு

குரலுக்காக மட்டும் மறுப்பதில்லை. நுழைவுத் தகுதி எல்லாருக்கும் ஒன்றுதான்: 1,000 சந்தாதாரர்கள், அத்துடன் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் 1 கோடி பார்வை. அதன் பிறகு சேனலை ஆய்வு செய்கிறார்கள், அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அச்சில் வார்த்தது போலத் திரும்பத் திரும்ப வரும் வீடியோக்களுக்கு வருமானம் இல்லை என்ற விதி முன்பே இருந்தது. 2025 ஜூலை 15 முதல் அதை அசலற்ற உள்ளடக்கம் என்று பெயர் மாற்றித் தெளிவுபடுத்தினார்கள்.

நாளிதழ்ச் செய்தியை அப்படியே வாசித்து, இணையத்தில் கிடைத்த படங்களை ஓடவிட்டு, நாளுக்கு ஐந்து வீடியோ போடுகிற சேனல் சிக்கும். அங்கே சொந்தக் குரல் வைத்தாலும் சிக்கும். நீங்களே படம் பிடித்த காட்சி, நீங்களே போட்ட கணக்கு, நீங்கள் எடுத்துக்காட்டும் வேறுபாடு வீடியோவில் தெரிய வேண்டும். முகம் காட்ட விரும்பாதவர்கள் கையையாவது காட்டுங்கள்: பாத்திரத்தைக் கிளறும் கை, படிவத்தை நிரப்பும் கை. ஒவ்வொரு வீடியோவும் ஒரே தொடக்க வாக்கியம், ஒரே படவரிசை என்று இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் குரலை நகலெடுத்து விவரிக்க வைக்கலாமா? என் குரலையே நகலெடுக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

முதல் கேள்விக்கு: வேண்டாம். குரல் அவருடைய பிழைப்பு, அவருடைய அடையாளம். 2024ல் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், அவர் குரலை அனுமதியின்றிச் செயற்கையாக உருவாக்குவதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டில், முன்பே மறைந்துவிட்ட பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஒரு பாடலில் பயன்படுத்திய ஏ.ஆர்.ரகுமான், குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று அதற்குரிய ஊதியமும் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அனுமதி, ஊதியம், வெளிப்படை மூன்றும் இல்லாமல் பிறர் குரலைத் தொடாதீர்கள். 2024 மார்ச் முதல், பிறர் குரலை நகலெடுத்து விவரித்தால் வீடியோவை ஏற்றும்போதே அதைத் தெரிவிக்க வேண்டும் என்றும் யூடியூப் கேட்கிறது.

உங்கள் குரலைத் தாராளமாக நகலெடுக்கலாம். இலெவன்லேப்ஸில் உடனடி நகலுக்கு ஓரிரு நிமிடப் பதிவு போதும். தரமான நகலுக்குக் குறைந்தது 30 நிமிடம் வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, துணி அலமாரி உள்ள அறையில், ஒரே தூரத்தில் மைக்கை வைத்து, விவரிக்கப் போகும் அதே தொனியில் பேசுங்கள். பதிவில் எதிரொலி இருந்தால் நகல் காலமெல்லாம் எதிரொலியோடு பேசும். தமிழில் பேசியே பதிவு கொடுங்கள்; ஆங்கிலப் பதிவில் உருவான நகல் தமிழில் ழகரத்தையும் றகரத்தையும் கோட்டை விடும்.

எவ்வளவு திருத்தினாலும் ஒரே ஒரு ஊர்ப்பெயர் மட்டும் தப்பாகவே வருகிறது. முழு வீடியோவையும் மாற்ற வேண்டுமா?
– வாசகி, புதுக்கோட்டை

வேண்டாம். பெயரை அசை பிரித்து இடைவெளி விடாமல் வேறு எழுத்துக்கூட்டலில் நான்கைந்து விதமாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக வாசிக்கச் செய்யுங்கள். ஒன்றாவது சரியாக இருக்கும். அந்தச் சொல்லை மட்டும் வெட்டி ஒட்டாதீர்கள், சுருதி ஒட்டாது. அந்த எழுத்துக்கூட்டலோடு முழு வாக்கியத்தையும் மறுபடி எடுத்து, நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் நடுவே மாற்றுங்கள். பிறகு இரண்டு நெடுவரிசையுள்ள ஒரு பட்டியலில் இடப்பக்கம் சரியான எழுத்தும் வலப்பக்கம் குரலுக்கான எழுத்துமாகக் குறித்து வையுங்கள். அடுத்த வீடியோவுக்கு வாசிப்புப் பிரதி தயாரிக்கும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துத் தேடி மாற்றும் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். குரலை மாற்றினால் மட்டும் பட்டியலை மறுபடி சோதியுங்கள். பல்லவிக்குச் சரியாக வந்த எழுத்துக்கூட்டல் வள்ளுவருக்குச் சரியாக வர வேண்டும் என்பதில்லை.